உங்களுக்குத் தெரியுமா? சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறைக்குள் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். அச்சிலிருந்து எடுக்கும்போது காது உடைந்துபோன குதிரையை யாரும் வெளியே எறிவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். அது கரைந்து மறுபடி கூழாகி, வேறொரு நாள் வேறொரு பொம்மையாக வரும். சூளைக்குள் போய் வந்தபின் உடைந்தால் கதை வேறு. எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது களிமண்ணாகத் திரும்பாது. ஏறக்குறைய 500, 600 டிகிரிச் சூட்டில், களிமண்ணோடு வேதியியல்படி பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. போன நீரைத் தொட்டித் தண்ணீரால் ஈடுசெய்ய முடியாது. செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்விநிலையம் இருக்கிற இந்த ஊரில், பச்சை மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டுகள் இந்த இரண்டு விதமாகத்தான் கிடக்கின்றன. எது சுட்டது, எது சுடாதது என்று தெரிந்துகொண்டால் பாதி ஆபத்தைத் தவிர்த்துவிடலாம்.

◆

விண்டோஸுக்குள் நுழைய நீங்கள் அடிக்கிற பாஸ்வேர்டு, ஹார்ட் டிஸ்கில் எங்கும் அப்படியே எழுதப்பட்டிருப்பதில்லை. அதை ஒரு கணக்குக்குள் போட்டு எடுத்த எச்சம் மட்டுமே இருக்கிறது. அதற்கு ஹேஷ் என்று பெயர். நீங்கள் ஒவ்வொரு முறை பாஸ்வேர்டு அடிக்கும்போதும் அதே கணக்கை மறுபடி போட்டு, இரண்டு எச்சமும் ஒன்றா என்று பார்க்கிறது விண்டோஸ். எச்சத்திலிருந்து பாஸ்வேர்டுக்குப் பின்னோக்கிப் போகும் பாதை கிடையாது. இதுதான் சுட்ட மண்.

இதற்குப் பொருத்தமான கதை விருத்தாசலத்திலேயே இருக்கிறது. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயர்கொண்ட இந்த ஊரில் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த புராணம். பலர் மறந்துவிடுகிற ஒரு சிறு செயல் அதில் உண்டு. ஆற்றில் இடுவதற்கு முன் அந்தப் பொன்னில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். திருவாரூரில் பொன் கிடைத்ததும் மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்று சரிதானா என்று உரைத்துப் பார்த்தார்கள். மச்சம் கையில் இருந்தால், வந்தது அதே பொன்தானா என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மச்சத்தைத் திருடியவனுக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்துவிடாது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஹேஷ் அந்த மச்சம்தான்.

◆

உலகில் பதிவான முதல் பாஸ்வேர்டுத் திருட்டுகளில் ஒன்று 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்தது. பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய ஒரு பெரிய கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பை அச்சிடச் சொல்லி ஒரு துளை அட்டையைப் போட்டார். கம்ப்யூட்டரும் எல்லோருடைய பாஸ்வேர்டையும் தாளில் அடித்துக் கொடுத்துவிட்டது. அத்தனையும் பச்சை மண். சில ஆண்டுகள் கழித்து அதே அமைப்பில் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாகப் பாஸ்வேர்டுப் பட்டியல் வந்து நின்றது. சுட்டு வைக்க வேண்டும் என்ற யோசனை இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்துதான் வந்தது.

◆

பாஸ்வேர்டுக்கு உப்புப் போடுவார்கள்.

கழிவுநீர்க் குழாய் சுடுகிறவர்கள், சூளை 1200 டிகிரியை நெருங்கும்போது உள்ளே உப்பை வீசுவது உலகெங்கும் இருந்த பழைய வழக்கம். உப்பின் சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, குழாயின்மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். பாஸ்வேர்டு உப்பு அந்த உப்பல்ல என்றாலும், சுடும்போது சேர்ப்பதில் ஒற்றுமை உண்டு. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இருவருக்கும் ஒரே ஹேஷ் வந்துவிடும். ஒன்றைக் கண்டுபிடித்தவன் மற்றதையும் கண்டுபிடித்த மாதிரி. அதனால் ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் வெவ்வேறு எழுத்துகளைக் கலந்து சுடுகிறார்கள். யூனிக்ஸ் அமைப்பில் இதைச் செய்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கலப்புக்கு உப்பு என்றே பெயர் வைத்தார்கள். அன்றைய உப்பு 4096 வகை. விண்டோஸோ, உள்ளூர்க் கணக்குகளின் ஹேஷுக்கு இன்றுவரை உப்புச் சேர்க்கவில்லை. இவ்வளவு பெரிய நிறுவனம் இதை இத்தனை காலம் விட்டுவைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

◆

அந்தக் கென் தாம்ப்சனின் சொந்தப் பாஸ்வேர்டே 2019 அக்டோபரில் உடைந்தது. யூனிக்ஸின் பழைய பதிப்பு ஒன்றில் அவருடைய ஹேஷ் அப்படியே பொதுவெளியில் கிடந்தது. வரைகலை அட்டை பொருத்திய ஒரு கம்ப்யூட்டர் நான்கு நாளுக்கு மேல் ஓடி அதைக் கண்டுபிடித்தது. எட்டே எழுத்து. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிற தொடக்க நகர்வை அந்தக் காலக் குறிமுறையில் எழுதியிருந்தார். பெல் என்ற சதுரங்கக் கம்ப்யூட்டரை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் வியப்பில்லை. அதே கோப்பில் இருந்த எரிக் ஷ்மிட், பிற்காலத்தில் கூகுளின் தலைவரானவர், மனைவியின் பெயரோடு மூன்று ஆச்சரியக்குறி போட்டு வைத்திருந்தார்.

சுட்ட மண்ணைக் கரைக்க முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு பொம்மையாகச் செய்து, சுட்டு, இது அதுதானா என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். கம்ப்யூட்டர் சளைக்காமல் அதைச் செய்யும். பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான்.

◆

விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த எல்.எம். என்ற ஹேஷ் முறை, பாஸ்வேர்டை முதலில் பெரிய எழுத்துகளாக மாற்றும். பிறகு ஏழு ஏழு எழுத்தாக இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகச் சுடும். இரண்டு துண்டு அச்சை நடுவில் பிரித்து வைப்பது போல. பதினான்கு எழுத்துப் பாஸ்வேர்டை உடைப்பது மலை. ஏழு எழுத்தை இரண்டு தடவை உடைப்பது மண்மேடு. விஸ்டா வந்தபோதுதான் இதை இயல்பாகச் சேமிப்பதை நிறுத்தினார்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு மூலையில் இன்னும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தால் அதில் இது இருக்க வாய்ப்புண்டு.

◆

இனி பச்சை மண்.

பிரவுசர் கேட்கிறது, இந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று. சரி என்கிறீர்கள். இதைச் சுட்டு வைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு நீங்கள் மின்கட்டணம் கட்டப் போகும்போது, பிரவுசர் உங்களுக்காக அந்தப் பாஸ்வேர்டை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்து மறுமுனைக்குக் கொடுக்க வேண்டும். எச்சத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆகவே மண் மண்ணாகவே இருந்தாக வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம், அவ்வளவுதான். பெட்டிச் சாவியும் அதே வீட்டுக்குள்தான் இருக்கும்.

விண்டோஸில் குரோம் அந்தச் சாவியை, விண்டோஸ் 2000 காலத்தில் வந்த ஓர் ஏற்பாட்டிடம் ஒப்படைக்கிறது. அந்த ஏற்பாடு உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டோடு பிணைந்தது. டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகிற திருடனுக்கு இது நல்ல தடை. நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது தடை இல்லை. உங்கள் பெயரில் ஓடுகிற எந்த நிரலும் திறந்துகொடு என்று கேட்டால், விண்டோஸ் அதை உங்கள் குரலாகவே எடுத்துக்கொண்டு திறந்துகொடுத்தது. 2024 ஜூலையில் வந்த குரோம் 127 பதிப்பு, கேட்பது குரோம்தானா என்றும் சரிபார்க்கத் தொடங்கியது. முதலில், தளத்துக்குள் நுழைந்ததற்கான அடையாளச் சீட்டாகிய குக்கிகளுக்கு மட்டும். சில மாதங்களுக்குள்ளேயே திருட்டு நிரல் விற்பவர்கள் அதையும் தாண்டிவிட்டோம் என்று விளம்பரம் செய்ய ஆரம்பித்தார்கள்.

விண்டோஸுக்கே பாஸ்வேர்டு வைக்காத வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால், பெட்டிக்குப் பூட்டு இருந்தும் இல்லாத கணக்கு.

◆

2013 ஆகஸ்டில் எலியட் கெம்பர் என்ற மென்பொருள் உருவாக்குநர் ஒரு கேள்வி எழுப்பினார். குரோமின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு பட்டனை அழுத்தினால் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் வெளிப்படையாகத் தெரிகிறதே, இது என்ன பாதுகாப்பு என்றார். குரோமின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஜஸ்டின் ஷூ, உங்கள் கணக்குக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டாலே ஆட்டம் முடிந்தது, அதற்குமேல் ஒரு பூட்டுப் போடுவது போலி நிம்மதி தரும் என்ற பொருளில் பதில் சொன்னார்.

தொழில்நுட்பப்படி ஷூ சொன்னது சரி. ஆனால் நம் ஊர் அலுவலகத்தில், மேஜையிலிருந்து ஒருவர் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் அந்த நாற்காலியில் உட்காருபவர் கைதேர்ந்த திருடர் அல்ல. பக்கத்து சீட்டுக்காரர். அவரை ஒரு சின்னப் பூட்டே நிறுத்திவிடும். கெம்பர் பக்கம்தான் நான். பிற்பாடு குரோமும் பாஸ்வேர்டைக் காட்டுவதற்கு முன் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்க ஆரம்பித்தது. ஆனால் பல இணையதளங்களில் பாஸ்வேர்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கண் சின்னம் இருக்கும். பிரவுசர் தானாக நிரப்பியதும் அந்தக் கண்ணை அழுத்தினால் போதும், எந்தப் பூட்டையும் தொடாமல் பாஸ்வேர்டு திரையில் தெரியும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டுவது ஒரு நொடி வேலை.

ஃபயர்ஃபாக்ஸில் முதன்மைப் பாஸ்வேர்டு என்று ஒன்று வைத்துக்கொள்ள வசதி உண்டு. வைத்தால் பெட்டிச் சாவி உங்கள் தலைக்குள் இருக்கும். ஆனால் அதை நீங்களாகத் தேடிப்போய்த்தான் வைக்க வேண்டும்.

◆

விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துபோய், சர்வீஸ் கடையில் மாற்றித் தரச் சொன்னால், பிரவுசரில் சேமித்தவை திறக்காமல் போகலாம். சாவி பழைய பாஸ்வேர்டோடு பிணைந்திருந்தது அல்லவா? பழையதைத் தெரிந்துகொண்டு நீங்களே மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

◆

இணையதளங்களுக்குக் கோப்பு ஏற்றப் பயன்படும் ஃபைல்ஜில்லா, பல ஆண்டுகள் பாஸ்வேர்டுகளைப் பூட்டே இல்லாத ஒரு கோப்பில் வைத்திருந்தது. முதன்மைப் பாஸ்வேர்டு வசதி 2017-இல்தான் வந்தது. அரட்டைக்குப் பயன்பட்ட பிட்ஜினும் அப்படியே வைத்தது. சாவியையும் பூட்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பாதுகாப்பாக இருப்பதுபோலக் காட்ட மாட்டோம் என்று அதை உருவாக்கியவர்கள் காரணம் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

◆

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கம்ப்யூட்டருக்குள் உளவு நிரல் புகுந்தது நினைவிருக்கிறதா? இணையத்தோடு இணைந்த நிர்வாக வேலைகளுக்கான வலையமைப்பில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். 2019 செப்டம்பர் 4 அன்று, நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் இதைக் கவனித்துத் தெரிவித்தது. அக்டோபர் 28-இல் விஷயம் வெளியே கசிந்தது. 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம், நிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் வலையமைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது.

அந்த நிரலின் பெயர் டிடிராக். இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் அது உலவுவதை காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே செப்டம்பரில் அறிவித்திருந்தது. வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை என்பது அவர்கள் கணிப்பு. டிடிராக் எதையும் உடைத்து நொறுக்குகிற வகை அல்ல. உட்கார்ந்து கவனிக்கும். எந்த விசை அழுத்தப்படுகிறது, பிரவுசரில் எந்தப் பக்கம் திறக்கப்பட்டது, எந்தெந்த டிஸ்கில் என்னென்ன கோப்பு இருக்கிறது, பக்கத்தில் எந்தக் கம்ப்யூட்டர்கள் இணைந்திருக்கின்றன என்று கணக்கெடுத்துச் சேகரிக்கும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்ட தகவல் வேறு. வெளியே கிடைத்த அந்த நிரலைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதன் உள்ளேயே கூடங்குளத்தின் உள் வலையமைப்புக்கான நிர்வாகிப் பெயர் ஒன்றும் பாஸ்வேர்டு ஒன்றும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அதாவது இந்த நிரலை அனுப்பியவர்கள் முன்பே ஒருமுறை எங்கிருந்தோ அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிட்டார்கள். அதை அடுத்த நிரலுக்குள் பொதித்து, இந்த இடத்துக்கென்றே செய்து அனுப்பியிருக்கிறார்கள். அலுவலக வேலைக்கான ஒரு சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர்தான் வாசல்.

◆

இலவசமாகக் கிடைக்கிறதே என்று கிராக் செய்த போட்டோஷாப்பை இறக்கிப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பெயர்கள்: ரெட்லைன், ரக்கூன், லும்மா. மூன்றும் பாஸ்வேர்டு திருடும் நிரல்கள். வைரஸ் மாதிரிக் கம்ப்யூட்டரை நிறுத்தாது, மெதுவாக்காது. பிரவுசரின் பெட்டியைத் திறந்து அள்ளிக்கொண்டு ஒரே நிமிடத்தில் அனுப்பிவிட்டு, சில சமயம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் லும்மாவின் கட்டமைப்பை முடக்கியபோது சொன்ன கணக்கு: மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்தது.

பாஸ்வேர்டோடு குக்கிகளையும் எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் ஏற்கெனவே ஓடிபி போட்டு உள்ளே நுழைந்தாயிற்று என்பதற்கான அடையாளச் சீட்டு அது. அந்தச் சீட்டு இன்னொருவன் கையில் இருந்தால் அவனிடம் ஓடிபி கேட்காமலே பல தளங்கள் உள்ளே விட்டுவிடும்.

◆

பீங்கான் பட்டறையோ பாத்திரக் கடையோ, சின்னத் தொழில் நடத்துகிற பலரின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு அவர்களிடம் இருப்பதில்லை. கணக்கு எழுதுகிறவரிடம் இருக்கிறது. அவரிடம் அது ஓர் எக்ஸெல் ஷீட்டில் இருக்கிறது. வரிசையாகக் கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு, சில சமயம் பதிவு செய்த ஈமெயிலின் பாஸ்வேர்டும். ஐம்பது வியாபாரிகளின் வாசல் ஒரே பக்கத்தில். வேலை நெருக்கடியில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் இது. அவர்களைக் குறை சொல்லவில்லை. மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய ஓடுகிறவர்களுக்கு வேறென்ன வசதி செய்துகொடுத்தோம்?

ஆனால் எக்ஸெலில் இருக்கும் ஒரு குழப்பத்தை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஷீட்டைப் பாதுகாக்கும் வசதிக்குப் பாஸ்வேர்டு போட்டால், கட்டங்களைத் தவறுதலாக மாற்றாமல் தடுக்கும், அவ்வளவே. உள்ளே இருப்பது பூட்டப்படுவதில்லை. கோப்பைத் திறக்கும்போதே பாஸ்வேர்டு கேட்கும்படி மறையாக்கம் செய்வது வேறு வசதி. 2007 முதல் வந்த புதிய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் அது வலுவானது. பழைய 97-2003 வடிவத்தில் சேமித்தால் அந்தப் பூட்டும் பலவீனமானது. அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், அனுப்பிய இடம், வந்த இடம், இறக்கிய இடம் என்று பிரதிகள் கிளைத்துவிடும்.

ஓர் ஆறுதல் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் எல்லா வரிதாரர்களுக்கும் பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம்.

◆

தனிமனிதரின் உணர்திறன் மிக்க தகவல் எது என்று இந்திய அரசு 2011-இல் விதி வகுத்தபோது, பட்டியலில் முதலில் எழுதியது பாஸ்வேர்டை. வங்கிக் கணக்கு விவரமும் மருத்துவக் குறிப்பும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அடுத்தவர் பாஸ்வேர்டை ஏமாற்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் தெரிந்திருக்க வேண்டும். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் நஷ்டத்துக்கு ஒரு வரம்பு. உங்கள் கவனக்குறைவால் என்றால், நீங்கள் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில். தெரிவித்தபிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆகவே யார் தப்பு என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருக்காமல் முதலில் வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் போன் செய்யுங்கள்.

◆

2015 ஏப்ரலில் பிரான்ஸின் டிவி5மோந்த் தொலைக்காட்சி தாக்கப்பட்டது. அதைப் பற்றி அதன் செய்தியாளர் பேட்டி கொடுத்தபோது, பின்னாலிருந்த சுவரில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில் நிறுவனத்தின் பாஸ்வேர்டுகள் காமெராவில் தெரிந்தன. ஹவாய் மாநிலத்தின் அவசரநிலை அலுவலகப் படம் ஒன்றிலும் திரையோரம் ஒட்டிய மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டு இருந்தது. படம் எடுத்தது 2017-இல். 2018 ஜனவரியில் தவறான ஏவுகணை எச்சரிக்கை அனுப்பி அந்த அலுவலகம் பேசப்பட்டபோதுதான் பலர் கவனித்தார்கள்.

இதனால் தாளில் எழுதுவதே தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் அம்மாவோ தாத்தாவோ ஒரு நோட்டில் எழுதி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால், கம்ப்யூட்டருக்குள் வரும் திருடனால் அந்த பீரோவைத் திறக்க முடியாது. கீபோர்டுக்கு அடியிலும் திரையின் ஓரத்திலும் ஒட்டாமல் இருந்தால் சரி.

◆

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி இருக்கட்டும் என்ற அறிவுரைக்கு, 2003-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். 2017-இல் அவரே அதில் பலவற்றுக்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று திருத்திக்கொண்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார்கள். நம் அலுவலகங்கள் பலவற்றில் அந்தப் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நீளமும் வரும், நினைவிலும் நிற்கும். பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம். அவை உடைப்பவர்களின் பட்டியலில் எளிதில் ஏறிவிடும்.

◆

பாஸ்வேர்டுகளைச் சேமிப்பதற்கென்றே உள்ள மென்பொருள்களும் பச்சை மண்ணைத்தான் வைத்திருக்கின்றன. புரூஸ் ஷ்னையர் 1997-இல் வெளியிட்ட பாஸ்வேர்டு சேஃப், 2003-இல் வந்த கீபாஸ், இப்போது பலர் பயன்படுத்தும் பிட்வார்டன் எல்லாமே அப்படித்தான். வித்தியாசம் சாவியில் இருக்கிறது. உங்கள் ஒரே ஒரு முதன்மைப் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பச் சுட்டு அதிலிருந்து சாவியை உருவாக்குகிறார்கள். பிட்வார்டன் இயல்பாகச் சுடும் எண்ணிக்கையை 2023-இல் 6,00,000 ஆக்கியது. உங்களுக்கு அது கண் சிமிட்டும் நேரம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் ஆறு லட்சம் சூளை.

இதுவும் முழுக் காப்பு அல்ல. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குள், திரைப்படம் பார்க்க வைத்திருந்த ஒரு மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்தார்கள். அவர் விசைகளை அழுத்தும்போதே முதன்மைப் பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டார்கள். சூளைக்குப் போவதற்கு முன்னால், கையில் மண்ணாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பிரவுசரின் பெட்டியையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன், வீட்டிலும் அலுவலகத்திலும்.

◆

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சுக்கோ காயலான் கடைக்கோ கொடுக்கும்போது, விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது வாசற்கதவுக்கு மட்டும் பூட்டு. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் படம், கடிதம், எக்ஸெல் ஷீட் எல்லாம் படிக்கக் கிடைக்கும். விண்டோஸின் பிட்லாக்கர் என்ற மறையாக்க வசதியைப் போட்டிருந்தால்தான் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். விரைவு ஃபார்மேட் பொருளடக்கத்தைத்தான் கிழிக்கிறது, புத்தகம் அப்படியே இருக்கிறது. டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது எளிய வழி.

◆

எங்கள் பகுதியில் ஒரு பிரவுசிங் கடையில் பார்த்தது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட வந்த பெண், ஈமெயில் கட்டத்தில் முதல் எழுத்தை அடித்ததும் அதே எழுத்தில் தொடங்குகிற ஏழெட்டுப் பேரின் முகவரிகள் கீழே விரிந்தன. ஒன்றைத் தொட்டால் பாஸ்வேர்டும் கறுப்புப் புள்ளிகளாக நிரம்பியது. யாரும் திருட நினைத்து வைத்ததல்ல. ஒவ்வொருவரும் அவசரத்தில் சேமி என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையத்துக்கு வந்ததிலிருந்து, கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்குப் பல பிள்ளைகள் நம்பியிருப்பது இந்தக் கடைகளைத்தான். ஒரு குடும்பத்தின் நான்கு வருடச் சேமிப்பும் ஒரு பிள்ளையின் எதிர்காலமும் அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

குரோமில் வலப்பக்கம் மேலே இருக்கும் முகச் சின்னத்தை அழுத்தினால் விருந்தினர் என்று ஒரு தேர்வு வரும். அதில் திறக்கும் ஜன்னல் எதையும் சேமிக்காது. மூடியதும் உள்ளே செய்தவற்றின் தடம் அந்தப் பிரவுசரில் இருக்காது. விசைகளைக் கவனிக்கும் நிரல் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால் இது தடுக்காது என்பதால், வீட்டுக்கு வந்ததும் போனிலிருந்து பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. உட்கார்ந்ததும், அண்ணே, விருந்தினர் ஜன்னலில் திறந்து கொடுங்கள் என்று கேளுங்கள். அன்று அந்தக் கடைக்காரரிடம் நான் இதைக் காட்டினேன். சேமித்திருந்த பட்டியலை என் கண்முன்னால் அழித்துவிட்டு, அடுத்து வந்தவருக்கு அவரே விருந்தினர் ஜன்னலைத் திறந்து வைத்தார்.